இல்லையேல்...?

தோழனே!

விளாத்திகுளத்துக் கரிசல் காட்டிலே வற்றல் காயும் களத்தருகே அமர்ந்துகொண்டு, கணிப்பொறியைப் பற்றியும் விண்கலத்தைப் பற்றியும் எழுதப் புகுந்துவிட்டானே, ஞாயிற்றுக்கிழமை ஏட்டிலே அரசியல் எங்கே போயிற்று என்று நீ புருவத்தை நெரிக்கக்கூடும். எங்கும் போகவில்லை. ஏழைக்கு அரிசி கிடைக்குமா என்பது அரசியல் என்றால், அந்த அரிசியை அளக்கலாமா கூடாதா என்று தீர்ப்பளிக்கும் பொறிக்குப் புத்தி சொல்லி வைத்தவன் எவன், அவனுக்குப் பாடம் சொல்லி வைத்த பல்கலைக்கழகம் எது, அந்தப் பாடத்திலே எது இருந்தது, எது விடுபட்டது என்பதும் அரசியல்தான்.

வேம்பாரிலோ வைப்பாரிலோ உப்பளத்திலே உழைக்கும் தாய் ஒருத்தியை மனக்கண் முன் நிறுத்து. ஆண்டுக்கணக்காக உப்பு வாரிய கை. உள்ளங்காலிலே வெடிப்பு, விரல் நுனியிலே வழவழப்பு. ரேகை இருந்த இடத்தை உப்பு அரித்துத் தின்றுவிட்டது. நியாயவிலைக் கடையிலே பொறியை நீட்டுகிறார்கள். விரலை வைக்கிறாள். ‘பொருந்தவில்லை’ என்கிறது பொறி. முந்தானையிலே துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறாள். ‘பொருந்தவில்லை!’ அவள் அவள்தான் என்பது கடைக்காரருக்குத் தெரியும், பின்னால் நிற்கும் வரிசைக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். பொறிக்கு மட்டும் தெரியாது. இனி அந்தப் பொறி என்ன செய்ய வேண்டும்?

விதி எழுதுவோர் மாற்று வழியும் எழுதலாம். கருவிழியைப் பார், கைப்பேசிக்கு எண் அனுப்பு, பதிவேட்டிலே கையொப்பம் வாங்கு என்று. நல்லது, வாழ்த்துவோம். ஆனால் தோழனே, விதி இருப்பது தாளிலே. பொறிக்குள்ளே இருப்பது நிரல். அந்த நிரலை எழுதிய இளைஞன், ‘ரேகை பொருந்தினால் அரிசி போடு’ என்று எழுதிவிட்டு, ‘பொருந்தாவிட்டால்’ என்னும் இடத்தை வெற்றிடமாக விட்டுப் போயிருப்பானேயானால், அந்த வெற்றிடத்திலேதான் அந்தத் தாய் வெறும் பையோடு நிற்பாள்.

நிரல் எழுதும் மொழிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பெரும்பாலானவற்றிலே இரண்டு சொற்கள் இருக்கும். ஒன்று ‘என்றால்’, மற்றொன்று ‘இல்லையேல்’. பணம் இருக்கிறது என்றால் கொடு, இல்லையேல்...? மின்சாரம் இருக்கிறது என்றால் ஓடு; இல்லையேல்...? வசதி படைத்தவன் பெரும்பாலும் ‘என்றால்’ பக்கத்திலே நிற்பவன். அவனுடைய ரேகை பொருந்தும், முகவரி பொருந்தும், கைப்பேசியும் கையிலேயே இருக்கும். ‘இல்லையேல்’ பக்கத்திலே நிற்பவர்கள் யார்? உப்பளத் தொழிலாளி, பனையேறி, தகப்பன் பெயரை ஒரு தாளிலே ஒருவிதமாகவும் மறு தாளிலே வேறுவிதமாகவும் எழுதி வைக்கப்பட்டவன், பெயருக்கு முன்னெழுத்தே இல்லாதவன். நம் பல்கலைக்கழகங்கள் ‘என்றால்’ என்பதை நன்றாகவே கற்பிக்கின்றன. ‘இல்லையேல்’ என்பதைத்தான் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

செய்முறைத் தேர்வு நடக்கும் கூடத்திற்குள் எட்டிப் பார். இரண்டு எண்களைக் கூட்டும் நிரலை மாணவன் எழுதுகிறான். தேர்வாளர் வருகிறார். ஐந்தையும் ஏழையும் கொடுக்கிறார். பன்னிரண்டு வருகிறது. ‘விடை வந்துவிட்டதா? வந்துவிட்டது. முழு மதிப்பெண்!’ அடுத்த மாணவன், அடுத்த நிரல், அடுத்த பன்னிரண்டு. எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரைக் கொடுத்துப் பார்த்தாரா? ஒன்றுமே கொடுக்காமல் விசையை அழுத்திப் பார்த்தாரா? பெரிய எண்ணைக் கொடுத்துப் பார்த்தாரா? நேரமில்லை, பாவம், அவருக்கும் மாலைக்குள் அறுபது பேரைப் பார்த்து முடிக்க வேண்டியிருக்கிறது.

பெரிய எண் என்றேன் அல்லவா? அதிலே ஒரு கதை இருக்கிறது, கேள்.

டர்போ சி என்றொரு கருவி. 1987இல் வந்தது. உலகம் அதைக் கைகழுவி நெடுநாள் ஆகிறது. நம்முடைய கல்லூரிக் கணிப்பொறிக் கூடங்கள் பலவற்றிலே அது இன்னும் ஆட்சி புரிகிறது. அதிலே சாதாரண முழு எண் ஒன்றுக்கு ஒதுக்கப்படும் இடம் பதினாறு பிட்டு. அந்த இடத்திலே அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதனோடு ஒன்றைக் கூட்டு. 32,768 வரும் என்றுதானே எண்ணுகிறாய்? வராது. கழித்தல் குறியோடு 32,768 வரும்! கையிருப்பு ஒரே நொடியிலே கடனாக மாறிவிடும். பொறி கூச்சல் போடாது, எச்சரிக்கை தராது, தவற்றை விடையென்று அமைதியாகத் தாளிலே அச்சிட்டுக் கொடுக்கும். தூத்துக்குடி மாவட்டத்து மாணவன் எவனும் ஐந்து நிமிடத்தில் இதைத் தன் கண்ணாலே கண்டுவிடலாம். யாரும் காட்டுவதில்லை.

இனி, 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாளுக்கு வா. தென் அமெரிக்காவின் வடகரையிலே, பிரெஞ்சு கயானாவிலே, கூரூ ஏவுதளம். ஐரோப்பிய நாடுகள் பல ஒன்று கூடி, ஆண்டுக்கணக்கில் பணத்தையும் பாட்டையும் கொட்டிக் கட்டிய ஏரியன் 5 என்னும் ஏவுகலம் தன் முதற் பயணத்துக்குக் கிளம்புகிறது. முதுகிலே நான்கு செயற்கைக் கோள்கள். கிளம்பிய நாற்பது வினாடிக்குள் திசை பிறழ்ந்தது, திரும்பியது, சிதறியது. எதிரி சுட்டானா? இல்லை. எரிபொருள் கெட்டதா? இல்லை. ஓர் எண் பெரிதாகிப் போயிற்று, அவ்வளவுதான்.

பக்கவாட்டு வேகத்தைச் சார்ந்த ஓர் அளவை, அகன்ற அறுபத்து நான்கு பிட்டுப் பாத்திரத்திலிருந்து பதினாறு பிட்டுப் பாத்திரத்துக்கு மாற்றியது நிரல். பெரிய பாத்திரத்திலிருந்து சிறிய பாத்திரம்! அதே 32,767 என்னும் எல்லை! முந்தைய ஏரியன் 4 மெல்லச் செல்வது. அதற்கு எழுதிய நிரல் இது. அதன் வேகத்துக்கு அந்தச் சிறு பாத்திரம் போதும். புதியது விரைந்து செல்வது. எண் வழிந்தது. திசை காட்டும் கருவி, ‘என்னால் ஆகாது’ என்று படுத்துவிட்டது. ஒன்று கெட்டால் மற்றொன்று என்று துணைக்கருவியும் வைத்திருந்தார்களே, அது என்ன ஆயிற்று? அதற்குள்ளேயும் அதே நிரல். ஆகவே அதே எண், அதே வழிதல். அது சற்று முன்னரே படுத்துவிட்டிருந்தது. படுத்த கருவி அனுப்பிய முனகலை, உண்மையான திசையளவு என்று நம்பிய தலைமைக் கணிப்பொறி, கலத்தைத் திருப்பிற்று.

இன்னும் கேள், வயிறெரியும். வழியக்கூடிய எண்கள் ஏழு இருக்கின்றன என்று எழுதியவர்கள் கண்டுதான் இருந்தார்கள். நான்குக்குக் காவல் போட்டார்கள். மூன்றுக்குப் போடவில்லை, பொறியின் பளுவைக் குறைக்க வேண்டும், அவை எல்லை தாண்டா என்று கணக்கிட்டார்கள். ஏரியன் 4க்கு அந்தக் கணக்குச் சரி. ஏரியன் 5க்கு அந்தக் கணக்கை மறுபடி யாரும் போட்டுப் பார்க்கவில்லை. புதிய கலத்தின் பாதையை வைத்து அந்தக் கருவியை ஒத்திகை பார்க்கவும் இல்லை. இவ்வளவுக்கும், அந்தக் கணக்கீடு கலம் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு எதற்குமே பயன்படாதது. வேலை முடிந்த பின்னும் ஓடிக்கொண்டிருந்தது!

ஒத்திகை என்றேன். இங்கே நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் படிப்பை நடுவிலே நிறுத்தியவன், நாடகம் எழுதுகிறவன். பேராசிரியர்களுக்குப் பாடம் சொல்ல இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பாய். ஒத்திகை பார்த்தவன் என்ற தகுதி போதும். மூன்றாம் காட்சியிலே பண்ணையார் துப்பாக்கியால் சுட வேண்டும். துப்பாக்கி வெடித்தால் கைதட்டல். வெடிக்காவிட்டால்? அனுபவமுள்ள குழுவிலே திரைமறைவில் ஒருவன் ஓலைவெடியும் தீப்பெட்டியுமாகக் குந்தியிருப்பான். ஓலைவெடி நமுத்திருந்தால்? சாக வேண்டியவனுக்கு, ‘நீ நீட்டிய துப்பாக்கியைவிட நீ காட்டிய நன்றிகெட்டதனம் என்னைக் கொன்றுவிட்டது!’ என்று ஒரு வசனம் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து வைத்திருப்போம். சிரிக்கிறாய். ஆனால் அந்த மூன்று அடுக்கிலே துணைக்கருவி இருக்கிறது. அந்தத் துணை முதற்கருவியைப்போல் அல்லாமல் வேறு வகையினதாக இருக்க வேண்டும் என்ற அறிவும் இருக்கிறது. ஏரியனின் துணைக்கருவிக்கு அது இல்லை.

நம் கடற்கரைக்கு இது புதிதுமல்ல. முத்துக்குளிப்பு நடந்த நாட்களிலே, நாள் குறித்தவுடன் தோணிகள் பாய்ந்துவிடவில்லை. முதலிலே அதிகாரிகள் கடலடியிலுள்ள முத்துப் பார்களுக்குச் சென்று, சிப்பிகளின் வயதைப் பார்த்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவந்து, அழுகவிட்டு, அலசி, முத்துக்களை எண்ணி, மதிப்பிட்டுப் பார்த்தார்கள். தேறினால்தான் குளிப்பு, தேறாவிட்டால் அந்த ஆண்டு கரையிலேயே கட்டிக்கிடக்கும் தோணி. தூத்துக்குடியில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு இல்லை. அந்த முன்சோதனை வழக்கத்தை மட்டும் நாம் மறக்க வேண்டியதில்லை. மாதிரி எடுத்துப் பாராமல் கடலில் இறங்காத ஊர்க்காரன், மாதிரி எடுத்துப் பாராத நிரலை மக்கள் மீது இறக்கலாமா?

குளிப்பவன் கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கு. எழுதுகிறவன் ஒருவன் என்றால், எழுதியதை வரிவரியாகப் படித்துக் குறை சொல்ல இன்னொருவன் இருந்தே தீர வேண்டும் என்பது நிரல் தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. கல்லூரியிலே இன்னொருவன் எழுதியதைப் படிப்பதற்குப் பெயர் என்ன தெரியுமா? ‘காப்பியடித்தல்’! பார்த்து எழுதுவதைத் தடு. படித்துப் பிழை காண்பதைப் பாடமாக்கு. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதா நமக்கு?

விண்ணைப் பற்றிப் பேசினால் நம்மவர்களை விட்டுவிடலாகாது. 2019 செப்டம்பர் 7, பின்னிரவு. நாடே விழித்திருந்தது. சந்திரயான் 2இன் ‘விக்ரம்’ நிலவை நெருங்கிற்று, தொடர்பு அறுந்தது, தரையிலே மோதிற்று. குமரி மாவட்டத்து உழவர் வீட்டுப் பிள்ளை சிவன், இஸ்ரோவின் தலைவராயிருந்து, கண் கலங்கியதை நாம் கண்டோம். அழுகையோடு நின்றிருந்தால் அது செய்தி. ஆனால் அவர்கள் ஒவ்வொரு நொடியையும் பிரித்து ஆராய்ந்தார்கள். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியான உந்துவிசை தந்தன. சிறுசிறு பிழைகள் சேர்ந்து பெரிதாயின. விரைந்து திரும்பிச் சரிசெய்யலாம் என்றால், ‘இதற்குமேல் வேகமாகத் திரும்பாதே’ என்று நிரலிலே ஓர் எல்லை இருந்தது. இறங்க வேண்டிய இடமோ ஐந்நூறு மீட்டருக்கு ஐந்நூறு மீட்டர். இவற்றையெல்லாம் அடுத்த தலைவரான சோம்நாத் 2023இல் நாட்டுக்கு ஒளிக்காமல் விளக்கினார். முன்பு, எல்லாம் சரியாக நடந்தால் எப்படி வெல்வது என்று வடிவமைத்தோம்; இம்முறை, எது எது தவறினாலும் எப்படி வெல்வது என்று வடிவமைத்தோம் என்பது அவர் சொன்னதன் பொருள். எண்ணிப் பார்! ‘என்றால்’ என்பதிலிருந்து ‘இல்லையேல்’ என்பதற்கு ஒரு பெரிய நிறுவனமே திரும்பி நின்றது. இறங்கும் இடம் நான்கு கிலோமீட்டர் நீளமாக அகன்றது, கால்கள் உறுதி பெற்றன, நிரல் மாறிற்று. 2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருக்க, சந்திரயான் 3 நிலவிலே கால் ஊன்றிற்று.

குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். நம் மாவட்டத்து மண். தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே போகலாம் என்பதற்காகத் தேர்ந்த இடம். தூத்துக்குடியிலே சிறு டைடல் பூங்கா 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2021இல் வந்த சட்டத்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் கல்லூரிகளிலே ஏழரை விழுக்காடு தனி ஒதுக்கீடு. கதவுகள் திறந்திருக்கின்றன. உள்ளே போகும் நம் பிள்ளைக்கு, ஏவுகலத்தின் திசைக்கருவிக்கு நிரல் எழுதத் தகும் பயிற்சியைத் தருகிறோமா, அல்லது ஐந்தும் ஏழும் பன்னிரண்டு என்று அச்சிட்டுக் காட்டும் பயிற்சியோடு வழியனுப்புகிறோமா? இடம் வாங்கிக் கொடுப்பதோடு சமூகநீதி முடிந்துவிட்டது என்று நினைப்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை கல்லூரி கைவிட்டாலும் வெளியிலே கற்றுக்கொள்வான். கல்லூரி ஒன்றையே நம்பி வந்தவனுக்குத்தான் கல்லூரியின் குறை முழுமையாக விழும்.

மருத்துவமனைக்குப் போவோமா? புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுத் தரும் தெராக் 25 என்ற கனடா நாட்டுப் பொறி. பழைய பொறிகளிலே, அளவுக்கு மீறிய கதிர் பாயாமல் தடுக்க இரும்பாலும் கம்பியாலும் ஆன தடைகள் இருந்தன. ‘நிரலே பார்த்துக்கொள்ளும்’ என்று புதியதிலே அவற்றை நீக்கிவிட்டார்கள். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் மீது அளவு கடந்த கதிர் பாய்ந்தது. மூவரேனும் அதனால் மாண்டனர். பொறியை இயக்கியவர் கைப்பழக்கத்தால் விரைவாகத் தட்டித் திருத்தினால் மட்டும் வெளிப்படும் பிழை அது. மெதுவாகத் தட்டிச் சோதித்தவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? திரையிலே என்ன தோன்றிற்று தெரியுமா? ‘கோளாறு 54’. அதன் பொருள் என்ன என்று கையேட்டிலும் விளக்கமில்லை. இயக்குபவர் மீண்டும் விசையை அழுத்தினார். துடித்த நோயாளிக்கு ஐம்பத்து நான்கு என்றால் என்ன, ஐந்நூற்று நான்கு என்றால் என்ன! பிழை நேர்ந்தால் அதை மனிதருக்குப் புரியும் மொழியிலே சொல்ல வேண்டும் என்பதும் ஒரு பாடம். நம் நாட்டிலே அந்த மொழி தமிழாகவும் இருக்க வேண்டும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உயிர் போவது ஒரு கொடுமை. மானம் போவது?

பிரிட்டனிலே ஊர்தோறும் சிறு அஞ்சலகம் நடத்துவோர் உண்டு; கடையோடு சேர்த்து நடத்துவார்கள்; நம்மவர் போல் குடியேறியவர்களும் அவர்களிலே பலர். 1999 முதல் அவர்களுடைய கணக்கைப் பார்க்க ‘ஹொரைசன்’ என்ற மென்பொருளை வைத்தது அஞ்சல் நிறுவனம். கணக்கிலே பணம் குறைகிறது என்று காட்டிற்று அது. ‘நான் எடுக்கவில்லையே!’ என்று கதறினார்கள். ‘பொறி பொய் சொல்லாது’ என்றார்கள் மேலிடத்தார். வீட்டை விற்றுக் கட்டினார்கள் சிலர். கருவுற்றிருந்த பெண் ஒருவரும் சிறைக்குப் போனார். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டனர். கணிப்பொறி ஒழுங்காகவே இயங்கியது என்று வழக்குமன்றம் முதலிலே எடுத்துக்கொள்ளும்; இல்லையென்றால் குற்றம் சாட்டப்பட்டவனே அதை ஐயத்துக்குள்ளாக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டத்தின் போக்கு. நிரலைப் பார்க்கவே முடியாத கடைக்காரன் எதைக் காட்டுவான்? 2019 டிசம்பரில்தான் உயர்நீதிமன்றம், மென்பொருளிலே பிழைகள் இருந்தன என்று தீர்ப்புரைத்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அந்தத் தண்டனைகளை நீக்கிற்று. கால் நூற்றாண்டு!

அந்த மென்பொருளை எழுதியவர்களிலே பிழையை அறிந்தவர்கள் இருந்தார்கள். வாய் திறக்க வேண்டிய நேரத்திலே திறக்கவில்லை. வாய் திறப்பதும் கற்பிக்க வேண்டிய பாடமே. பிழை கண்டால் பதிவு செய், மேலாளர் மறைக்கச் சொன்னாலும் மறைக்காதே என்பதை எந்தப் பருவத்திலே, எந்தத் தாளிலே கற்பிக்கிறோம்?

‘இதெல்லாம் எதற்கய்யா? பையனுக்கு வேலை கிடைத்தால் போதும். மற்றதை நிறுவனத்தார் கற்றுக்கொடுப்பார்கள்’ என்பார் ஒரு பெரியவர். பெரிய நிறுவனத்தார் கற்றுக்கொடுக்கட்டும். ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தமாகக் கைமாறி வரும் அரசு வேலையை, மாடியறையிலே நான்கு நாற்காலி போட்டு முடித்துக் கொடுக்கும் சிறு நிறுவனத்திலே யார் கற்றுக்கொடுப்பது? ஏழையைத் தொடும் நிரல் பலவும் அங்கேதான் பிறக்கிறது.

‘இனி நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடும், மாணவன் எதற்குக் கற்க வேண்டும்?’ என்பார் மற்றொருவர், கொஞ்சம் மிடுக்கோடு. எழுதட்டும். நொடியிலே நூறு வரி எழுதட்டும். அந்த நூறு வரியும் சரியா என்று பார்ப்பது யார்? எழுதும் வேலை மலிவானால், சரிபார்க்கும் வேலை விலையேறும். சரிபார்க்கத் தெரியாதவனுக்குத்தான் இனி வேலை இல்லை. இந்த வாதம் அவருக்கு எதிராக நிற்கிறதே அன்றி, எனக்கு எதிராக அல்ல.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? விமான நிலையங்களிலே பயணச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்களே, அந்த நாள். பாதுகாப்புக்கென்றே மென்பொருள் விற்கும் கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, உலகெங்கும் எண்பத்தைந்து இலட்சம் கணிப்பொறிகளைப் படுக்க வைத்தது. இருபத்தொரு செய்திகள் வரும் என்று நிரல் காத்திருந்தது, வந்தவை இருபது. இருபத்தொன்றாவது எங்கே என்று தனக்குரியதல்லாத இடத்திலே கைவிட்டுத் துழாவியது; விழுந்தது. ‘இருபத்தொன்று வந்தால்’ என்று எழுதினான். ‘வராவிட்டால்’ என்று எழுதவில்லை! பத்துப் பொறிகளுக்கு அனுப்பிப் பார்த்துப் பிறகு மற்றவற்றுக்கு அனுப்பியிருந்தால் பத்தோடு போயிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் அனுப்பினார்கள்.

இத்தகைய பிழைக்கு வயது அதிகம். சி மொழியிலே ‘கெட்ஸ்’ என்றொரு கட்டளை. தட்டச்சு செய்வதை வாங்கிப் பாத்திரத்திலே ஊற்றும். பாத்திரத்தின் அளவைப் பார்க்காது. வழிந்தாலும் ஊற்றிக்கொண்டே இருக்கும். 1988 நவம்பர் 2 அன்று, அமெரிக்க மாணவன் ஒருவன் விட்ட நிரற்புழு, இந்த வழிதலையும் ஒரு வாசலாகக் கொண்டு ஆயிரக்கணக்கான பொறிகளுக்குள் புகுந்தது. 2011இல் அந்த மொழியின் தரவிதியிலிருந்தே ‘கெட்ஸ்’ நாடு கடத்தப்பட்டது. நம் ஆய்வகக் குறிப்பேடுகளிலே அது இன்னும் குடியுரிமையோடு உலவுகிறது! அளவு பாராமல் ஊற்றாத மொழிகள் வந்துவிட்டன. ரஸ்ட் என்பது அவற்றிலொன்று. எல்லோரும் நாளையே அதற்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. ‘கெட்ஸ்’ எழுதிய விடைக்கு மதிப்பெண் போடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டிலே இதற்கு அறிவில்லையா? ஏராளமாக இருக்கிறது. ஈரோட்டிலே பிறந்த பேராசிரியர் வி. இராசாராமன், 1963இல் கான்பூரிலே வந்திறங்கிய ஐ.பி.எம். 1620 பொறியை வைத்து இந்த நாட்டின் முதல் தலைமுறைக்கு நிரல் எழுதக் கற்பித்தவர். அந்நாளிலே அட்டையிலே துளையிட்டுக் கொடுத்துவிட்டு, விடைக்காக நெடுநேரம் காத்துக்கிடக்க வேண்டும். ஆகவே கொடுக்கும் முன் மாணவன் தாளிலே பத்து முறை சரிபார்த்தான். இன்று நொடியிலே ஓடுகிறது; ஓடினால் சரி என்கிறோம். அந்தக் காலத்துக்குத் திரும்பு என்பதல்ல என் பேச்சு. அந்தச் சரிபார்ப்பை ஏன் விட்டோம் என்பதுதான்.

இன்னொன்று, நம் தூத்துக்குடிக்கே உரித்தானது. ஸ்பிக் உரத் தொழிற்சாலையை அறியாதவர் நம் பக்கத்திலே உண்டா? அந்த ஸ்பிக்கின் அறிவியல் அறக்கட்டளையிலே 1989இல் ஒரு கணிதப் பள்ளி முளைத்தது. அதுவே வளர்ந்து, சிறுசேரியிலே இன்று நிற்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம் ஆயிற்று. 1998இல் அது பட்டப்படிப்புத் தொடங்கியபோது, பட்டம் வழங்கியது மத்தியப் பிரதேசத்துப் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்! 2006இல்தான் தனக்கே பட்டம் வழங்கும் தகுதி வந்தது. அங்கே நடக்கும் ஆராய்ச்சிகளிலே ஒன்று, ஒரு நிரல் பிழையற்றது என்று கணித வழியிலே மெய்ப்பிப்பது எப்படி என்பது. சோதனை என்பது பிழை இருப்பதைக் காட்டுமே தவிர, பிழையே இல்லை என்று உறுதி கூறாது என்பது டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ராவின் கருத்து. அந்த உறுதியைத் தேடும் கலை சிறுசேரியிலே இருக்கிறது. நூறு பேருக்குக் கிடைக்கிறது. நம் மாவட்டக் கல்லூரியிலே ஆயிரம் பேருக்கு அதன் அரிச்சுவடியேனும் கிடைக்க வேண்டாமா? அங்குள்ள ஆசிரியர்களின் நிரற்பாடங்கள் இணையத்திலே இலவசமாகவே இருக்கின்றன. தமிழிலே எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், கேட்க வைக்க ஒரு பாடத்திட்டம் வேண்டும்.

கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கிற்று. நிலம் அளப்பவன் சுற்றி வந்து, புறப்பட்ட புள்ளியிலேயே முடித்து, எவ்வளவு பிசகியிருக்கிறோம் என்று பார்ப்பான். பிசகு இருக்கும் என்று எதிர்பார்த்தே கிளம்புகிறவன் அவன். அந்தக் குணம் அங்கே இருநூறு ஆண்டுக்கு மேலான சொத்து.

ஆகவே நாம் கேட்பது இது. புதுக் கட்டடம் வேண்டாம், கோடிகள் வேண்டாம். செய்முறைத் தேர்விலே பாதி மதிப்பெண், தவறான உள்ளீட்டைக் கொடுத்தால் நிரல் என்ன செய்கிறது என்பதற்கு. தேர்வாளர் கையிலே, கொடுக்க வேண்டிய கோணல் உள்ளீடுகளின் பட்டியல் ஒன்று இருக்கட்டும்: வெற்றிடம், கழித்தல் எண், மிகப் பெரிய எண், தமிழ்ப் பெயர், முன்னெழுத்தில்லாத பெயர். சென்ற ஆண்டு மாணவர் எழுதிய நிரலை இந்த ஆண்டு மாணவர் கையிலே கொடுத்து, பிழை கண்டு திருத்தச் சொல்லட்டும். பிறர் எழுதியதைப் படிக்கும் பொறுமை அதிலேதான் வரும். சட்டம் படிப்பவன் தீர்ப்பைப் படிக்கிறான், மருத்துவம் படிப்பவன் பிணத்தை அறுக்கிறான்; நிரல் படிப்பவன் ஏரியனையும் தெராக்கையும் ஹொரைசனையும் படிக்க வேண்டும், அந்த விசாரணை அறிக்கைகளோடு. தேர்வாளருக்கு நேரமில்லை என்றேனே, அறுபது பேருக்கு ஒருவர் என்பதை இருபது பேருக்கு ஒருவர் ஆக்க வேண்டும். இதற்கு மட்டும் பணம் வேண்டும். ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகப் போட்டுவிட்டுக் கற்பித்தலைப் பற்றிப் பேசுவதிலே பொருளில்லை.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவிலே யார் இருக்கிறார்கள் என்று உன் ஒன்றியத்திலே எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்துகொள். மாணவரணித் தோழர்களைக் கூப்பிட்டு, சென்ற மூன்று ஆண்டுச் செய்முறை வினாக்களை வாங்கிப் படிப்பகத்திலே வைத்துப் புரட்டிப் பார். எத்தனை வினாக்களிலே ‘இல்லையேல்’ இருக்கிறது என்று எண்ணு. எண்ணிக்கையை ஒரு தாளிலே எழுதி, கல்லூரி முதல்வருக்கு ஒரு படியும், பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு படியும் அனுப்பு. எங்களுக்கும் ஒரு படி அனுப்பு. இதே பக்கத்திலே வெளியிடுவோம்.